சாட்டர்த்வெயிட் வீட்டுத் தயாநிதி

சுவிசின் பேர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது தயாநிதியின் வேலை. வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து சத்திரசிகிச்சைக்கு, அங்கிருந்து திரும்பவும் வார்டுக்கு. வேலை முடிந்தால் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் வீடு, மனைவி இந்திரா, இரண்டு பிள்ளைகள். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர்.

அவரிடம் விசித்திரமாக ஒன்று இருந்ததென்றால், அது சட்டையில் குத்தியிருந்த பெயர்தான். சாட்டர்த்வெயிட். யாழ்ப்பாணத்து ஊரில் அது வாயில் நுழையாமல் 'சட்டர் வீடு' என்று சுருக்கிவிட்டார்கள். சுவிசில் அகதி விசாரணையின்போது அந்தப் பெயரைக் கண்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, உண்மையான பெயரைச் சொல்லும்படி கேட்டார். இதுதான் உண்மையான பெயர் என்று விளங்கப்படுத்துவதற்குள் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது.

பெயர் வந்த வழி இவ்வளவுதான். அவருடைய பூட்டனின் தகப்பன், கொள்ளைநோயில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் வளர்ந்த பிள்ளை. சீமையில் யார் அந்தப் பிள்ளையின் சோற்றுக்குப் பொறுப்பெடுத்தாரோ, அவருடைய பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். அதற்குமேல் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தயாநிதியும் தோண்டிப் பார்த்ததில்லை.

2013 செப்டெம்பரில் ஒரு காலை, எலும்பு முறிவு வார்டில் ஒரு கட்டிலை எடுக்கப்போனவர், கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தன்னுடைய பெயர். பிழையாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் தாதியிடம் கேட்டார். பிழையில்லை, அந்த நோயாளியின் பெயரே அதுதான் என்றாள் தாதி.

கட்டிலில் கிடந்தவர் மியூரியல் என்ற ஆங்கிலேய மூதாட்டி. மலையில் நடக்கப்போய்ச் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். தயாநிதி தன் பெயரட்டையைக் கழற்றி நீட்டினார். மியூரியல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு அட்டையை விடாமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?"

லிஃப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் தயாநிதி விடுதிப் பிள்ளையின் கதையைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்குக் காசு அனுப்பியவர் என் ஆட்களில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது" என்றார் மியூரியல். "இருக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது நான்தான் கடைசி. ஆனால் ஒன்று சொல்கிறேன். இது முதலில் ஆளின் பெயரே இல்லை. ஓர் இடத்தின் பெயர்."

நடைபாதை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வட இங்கிலாந்தில், ஏரிகளும் மலைகளும் உள்ள பக்கத்தில், அந்தப் பெயரோடு இன்றும் ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்த வடநாட்டாரின் பாஷையில் அது இரண்டு சொல். கோடையில் மாடுகளோடு ஏறிப்போய்த் தங்குகிற மலைக்கொட்டில் ஒன்று. காடு வெட்டி வெளியாக்கிய நிலம் மற்றது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களோடு அந்த ஊர்ப்பெயரும் கூடப் போய்க் குடும்பப் பெயராயிற்று.

தயாநிதி தள்ளுவதை நிறுத்திவிட்டார். எக்ஸ்ரே அறையின் கதவைத் திறந்து ஒருவர் "சாட்டர்த்வெயிட்?" என்று கூப்பிட, இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னபோது இந்திரா கேட்டார்: "கோடைக்கு மாடு கொண்டுபோய் நிக்கிற கொட்டிலோ? அது இஞ்ச ஒவ்வொரு மலையிலயும் கிடக்கே."

"ஓம். அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

அடுத்த நாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்கள். மியூரியல் அவர்களின் முழுப்பெயரைக் கேட்டார். மகள் ரிஷானி சொன்னாள், பிறகு மகன் மிதுன் சொன்னான், இருவர் வாயிலும் பேர்ன் பேச்சின் இழுவையோடு. மியூரியல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரும்பவும் சொன்னார்கள்.

குணமாகி அவர் ஊருக்குப் போனார். மறு வருடக் கோடையில் தயாநிதி குடும்பத்தோடு கேபிள் காரில் ஏறி ஒரு மேய்ச்சல் வெளிக்குப் போனார். சுற்றிவரத் தேவதாரு அடர்ந்த காடு, நடுவில் வெட்டவெளி, மரக்கொட்டில்கள், மாடுகள். இத்தனை வருடம் ரயில் ஜன்னலால் பார்த்துக் கடந்துபோன காட்சிதான். வெளியின் ஓரத்தில் போய் நின்றார். அந்த வட இங்கிலாந்துச் சிற்றூரிலும் இப்படித்தான் யாரோ ஒருவன் முதல் மரத்தில் கோடரியை வைத்திருக்கிறான். அவன் முகமும் தெரியாது, அவன் பாஷையும் தெரியாது. அவன் வெட்டின வெளியின் பெயர்தான் யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்குத் துணையாக வந்து, இப்போது இந்தப் புல்லில் ஓடுகிற இரண்டு பிள்ளைகளிடம் நிற்கிறது.

தயாநிதி கைபேசியை எடுத்து மியூரியலை அழைத்தார். அவர் எடுத்ததும், மாடுகள் மேய்ந்த பக்கமாகக் கையை நீட்டி, கழுத்து மணிகளின் ஓசை கேட்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.  கனநேரமாக இருவரும் அழைப்பை வெட்டவில்லை.