வலையைத் தாண்டியவள்

பொத்துவில் கடற்கரைக்கு நானும் எனக்கு மூத்த ராத்தாவும் போயிருந்தோம். மணலில் காயப்போட்டிருந்த கரைவலையை வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டே தாண்டினாள். வலைக்காரர்களும் சிரித்தார்கள். ஈரக் கயிற்றின் நாற்றம் என் மூக்கில் ஏறியது.

சாய்ந்தமருதில் வாப்பாவின் வலையும் அப்படித்தான் நாறும். பெண்பிள்ளை தாண்டினால் வலைக்குத் தரித்திரம் பிடிக்கும் என்பார். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஊதா நிறச் சிப்பியொன்றைப் பொறுக்கும் அவசரத்தில் தாண்டிவிட்டேன். அன்று வலையின் மடியில் சொறிமுட்டையும் பாசியும்தான் வந்தன; ஒரு மீன்கூட இல்லை.

“ஆருடி வலையத் தாண்டின?” என்றார் வாப்பா.

“ராத்தாதான்” என்றேன்.

“அல்லாஹ்மேல ஆணையா நான் இல்ல வாப்பா!” என்று ராத்தா அழுதாள்.

வலை இழுத்த அத்தனை பேரும் பார்த்து நிற்க, ஈரக் கயிற்றால் அவளை அடித்தார். நான் சிப்பியைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அதன்பிறகு வலை வெறுமையாக வந்த போதெல்லாம், “மூத்தவள் கரைக்கு வந்தவளா?” என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வரும். உம்மா அவளை அறைக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினார்.

“ராத்தா, சுறுக்கா வாங்களன்!” என்று பொத்துவில் மணலில் நின்று கூப்பிட்டேன்.

அறுபதைத் தொடப்போகும் ராத்தா, அந்த வலை எங்கே முடிகிறதென்று தேடிக் கரை நெடுக நடந்துகொண்டிருந்தாள். நான் அதைத் தாண்டிப்போய், மறுபக்கத்தில் அவளுக்காகக் காத்து நின்றேன்.