சிலேட்டில் எழுதிய இருபது நிமிஷம்

கொதிக்கிற தண்ணீரில் இரும்போடு இரும்பு முட்டும் சத்தம் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? முதலில் கடகடவென்று தொடங்கும். நன்றாகக் கொதி வந்ததும் ஒரே சீராகிவிடும். கூடவே மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனை... சித்தூரில் பல் டாக்டர் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இருந்த காலமெல்லாம் நான் கேட்ட சத்தம் அது.

நேற்று இந்த குரூப்பில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு 'இருபது நிமிஷ ரூல்' சொல்லிக்கொடுத்தது மெட்ராஸிலிருந்து வந்த புரொபஸர்தானாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வேறு.

அந்தப் புரொபஸர் அன்றைக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். காக்க வைத்தவள் நான். எஸ்தர்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். டாக்டர் மேஜையில் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தவள். கருவிகள் இருபது நிமிஷம் கொதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பாதியில் இன்னொன்றை உள்ளே போட்டால்? அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே யோசித்தேன். புதிதாக விழுந்தது அழுக்கு என்றால், தண்ணீருக்குள் இருப்பது எல்லாமே மறுபடி முதலிலிருந்து.

ஆணியில் ஒரு சிலேட்டு மாட்டினேன். உள்ளே ஏதாவது விழுந்தால் பழைய நேரத்தை அழித்துப் புது நேரம் எழுதுவேன். எங்கள் டாக்டர் சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் ஒரு ஸ்கூல் ஹாலில் டாக்டர்களுக்கு ஒருநாள் வகுப்பு. வேலைக்கு வந்த பிறகும் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் அங்கங்கே ஆரம்பித்திருந்தார்கள். கருவி கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர், ஸ்டவ், சிலேட்டு எல்லாவற்றையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு டாக்டரோடு போனேன். நெல்லூர், கடப்பாவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் நாற்காலி. எனக்கு ஜன்னல் ஓரம், ஸ்டவ் பக்கத்தில், நிற்க இடம்.

வேர் உடையாமல் கீழ்க் கடைவாய்ப் பல் எடுப்பதைப் புரொபஸர் செய்து காட்டப் போகிறார். பல்லுக்குச் சொந்தக்காரர் பலமனேர் தக்காளி வியாபாரி முனிரத்தினம். ஊசி போட்டாயிற்று, உதடு மரத்துவிட்டது. புரொபஸர் பல் பிடுங்கும் குறடை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்... கை நழுவி, குறடு தரையில்.

அந்தப் பல்லுக்கு ஏற்றது அது ஒன்றுதான். கழுவித் தண்ணீரில் போட்டேன். சிலேட்டில் எழுதினேன்: 11.10.

இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"போதும்மா, எடு" என்றார் புரொபஸர்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம் ஆவணும் சார்."

"கொதிக்கிற தண்ணிதானே? எடும்மா!"

"கொதிக்கிற தண்ணிதான் சார். பதினெட்டு நிமிஷம்."

எங்கள் டாக்டர் எழுந்து வந்து காதருகே பல்லைக் கடித்தார். "எஸ்தர், மானத்த வாங்காத. இப்ப எடுக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

நைனா இல்லாத வீடு. இரண்டு தங்கச்சிகள் என் சம்பளத்தில் படிக்கிறார்கள். ஆனால் அந்த மனிதரின் தாடையில் புண் ஆகப்போகும் ஓட்டைக்குள் தரையில் விழுந்த இரும்பு போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மூடியின் மேல் துணி போட்டுக் கையை வைத்துக்கொண்டேன்.

"கீழ்ப்பல் ஊசி ஒரு மணி நேரம் தாங்கும் சார். அவருக்கு வலிக்காது" என்றேன்.

முனிரத்தினம் கோணிப்போன உதட்டோடு திரும்பினார். "இன்னாமா, பல்லப் புடுங்கப் போறீங்களா, கெழங்கு வேக வெச்சிக்கினு கீறீங்களா?"

ஹாலே சிரித்தது. புரொபஸர் சிரிக்கவில்லை.

11.24. சோடா கொடுக்க வந்தவருக்கு வழி விட நான் நகர்ந்தேன். அந்த இடைவெளியில் ஒரு டாக்டர் உதவி செய்வதாக நினைத்து மூடியைத் திறந்து, தன் பையிலிருந்து எடுத்த இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டார். அவர் குறடைப் பிடிப்பதற்குள் மூடியைச் சாத்திவிட்டேன்.

ஆனால் இடுக்கி தண்ணீரைத் தொட்டுவிட்டது.

சிலேட்டை அழித்தேன். 11.24 என்று எழுதினேன்.

"அய்யய்யோ!" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். புரொபஸர் சிலேட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் உக்காருங்க" என்றார்.

11.44க்குக் குறடு வெளியே வந்தது. பல் வேரோடு முழுசாக வந்தது. முனிரத்தினம் அதைக் காகிதத்தில் மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சர்டிபிகேட். "இன்னைக்கு உங்களுக்குப் பொறுமையும் சேத்துக் கத்துக் குடுத்தேன்" என்றார் புரொபஸர். கைதட்டினார்கள். நான் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் டாக்டர் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சந்திரகிரி போனது, பாகாலா போனது... சித்தூரில் இறங்கும்போதுதான் சொன்னார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஸ்டெரிலைசருக்கு மேலே ஒரு புது சுவர்க் கடிகாரம் மாட்டினார். நான் சிலேட்டைக் கழற்றவில்லை.

கொதிக்க வைத்தால் மட்டும் போதாது என்று இப்போது சொல்கிறார்கள். சரி. ஆனால் என் கணக்கு தப்பில்லை.

போன மாதம் என் பல்லுக்காகத் திருப்பதியில் ஒரு கிளினிக் போனேன். கருவிகள் இருந்த ஒட்டிய கவரைப் பிரிக்கப் போன அசிஸ்டென்ட் பெண்ணிடம், "இத எப்போ உள்ள போட்டே?" என்று கேட்டேன்.

"காலைல மெசின்ல போட்டேன் ஆயா. சூடு சரியா ஏறி இந்தக் கோடு கறுப்பா மாறிகீது பாருங்க. மாறலன்னா டாக்டரே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

சுவரில் டாக்டர் சர்டிபிகேட்டுகளுக்கு நடுவே ஒன்றில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. கருவி சுத்தம் பற்றி ஸ்டாஃபுக்கு நடந்த வகுப்பாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன்.

"வகுப்புல ஒனக்கு ஒக்கார நாற்காலி குடுத்தாங்களா?"

"இன்னா ஆயா இப்டி கேக்குறீங்க? மொத வரிசைல குடுத்தாங்க."

அதைக் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன்.