ஸ்கேன் அறையில் ஒரு கட்டைவிரல்

என் கணவருக்குக் காது மந்தம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில், தோல்களைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களுக்கு நடுவே பல வருடம் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அந்த இரைச்சலில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பயனில்லை, தொட்டுத்தான் பேசுவார்கள். தோளை அழுத்தினால் நிறுத்து, கையை எடுத்தால் ஓட்டு. மேலதிகாரிகள் என்ன சொன்னாலும், கேட்டதுபோல் தலையைப் பலமாக ஆட்டிவிடுவார்கள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வது இவருக்கு மானப் பிரச்சினை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஆகியிருக்கும். நெஞ்சில் தொடங்கி முதுகுவரை கிழிப்பதுபோல் வலிக்கிறது என்று சுருண்டுவிட்டார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம் என்றார் டாக்டர். கிழிசல் இதயத்தை ஒட்டி இருந்தால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டும்; திறந்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. முதுகுப் பக்கம் இறங்கும் பகுதியில் இருந்தால் மாத்திரையில் சமாளிக்கலாம். எங்கே என்பதை எம்ஆர்ஐதான் சொல்ல வேண்டும். இவருடைய சிறுநீரகம் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனைத் தாங்காது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கேன் எடுக்கும் பையன் மைக்கில் சொல்லிப் பார்த்தான். "மூச்ச இழுங்க ஐயா... விடுங்க... அப்படியே நிறுத்துங்க." இவர் குழாய்க்குள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பையன் உள்ளே போய், "நான் சொல்றது கேக்குதா?" என்று கேட்டால் தலையை ஆட்டினார். மறுபடியும் அதே கதை.

"இன்னாம்மா இது, படம் எல்லாம் கலங்கிப் போவுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்திலுமா மானம்? "செவிடன் காதுல ஊதின சங்குதான் தம்பி. என்ன உள்ள வுடு, நான் சொல்லிக்கிறேன்."

உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது என்றான். என் தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். சங்கிலியோடு கழற்றித் தட்டில் வைத்தேன். வெறும் கழுத்தோடு அந்த அறைக்குள் நுழைய எனக்குப் பயமாக இருந்தது.

தலையும் நெஞ்சும் குழாய்க்குள். கால்கள் மட்டும் வெளியே. முதலில் அவரை வெளியே இழுக்கச் சொல்லி, மூக்கைத் தொட்டுக் காட்டி, கால் கட்டைவிரலை அழுத்தினேன்: மூச்சை நிறுத்து. விட்டேன்: மூச்சு விடு. சிரித்தார். அவருடைய பாஷை அல்லவா!

ஜன்னலில் பையன் கை தூக்கினான். அழுத்தினேன். இயந்திரம் தடதடவென்று அலறியது. இவர் வயிறு அசையவில்லை. நானும் கூடவே மூச்சை நிறுத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் அவர் படும் பாடு எனக்கு எப்படித் தெரியும்? கை இறங்கியது, விட்டேன். இப்படியே திரும்பத் திரும்ப. ஒரு தடவை அவன் கையை இறக்குவதாகவே இல்லை. கட்டிய புருஷனை மூச்சு விடாதே என்று நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆண்டவரே, இந்த மூச்சு திரும்பி வரட்டும் என்று வேண்டினேன். வந்தது.

சாயங்காலம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகுப் பக்கம் இறங்கும் பகுதியில் விரலை வைத்து, நிதானமாக எல்லாம் சொன்னார். இவர் வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா சொன்னாரு? நெஞ்ச கீசிடுவாங்களா?"

கத்திச் சொன்னால்தான் இவருக்குக் கேட்கும். வராண்டா நிறைய ஜனம். நான் தரையில் குந்தி, அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

பிறகு விட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.