மதிய ரேட்டும் காலிக் குடங்களும்

தாராவியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு கிரைண்டர் உண்டு. நாங்கள் மாவரைத்து இட்லி அவித்துக் கொடுப்போம்; ஆண்கள் காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விற்பார்கள். பொழுது சாயுமுன் மாவை அரைக்காவிட்டால் விடிவதற்குள் புளிக்காது. மறுநாள் வியாபாரம் படுத்துவிடும்.

போன வருஷம் புது மீட்டர் வைத்தார்கள். ஆள் வராமலே அதுவாகக் கணக்கு அனுப்பும் மீட்டர். ஒருநாள் என் வீட்டுக்காரர் போனுக்குச் செய்தி வந்தது: சாயங்காலம் கரண்டுக்கு ரேட் அதிகம், மதியம் குறைவு. அவர் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? டீ குடித்து முடிப்பதற்குள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கிரைண்டர் ஓடியது. சந்தே அதிர்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சந்து முனைப் பெட்டியில் ஃபியூஸ் போய்விட்டது. என் உளுந்து பாதி அரைபட்டுக் கிடந்தது; எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

எதிர் வீட்டு அத்தை வாசலில் நின்று கத்தினாள். "என்னவே மருமவனே, நல்ல சேதி சொன்னீரு! இப்பம் நீரு வந்து கையால ஆட்டித் தாரும்!"

வயர்மேன் வந்து சரிசெய்தார். "ஏக் சாத் மத் சலாவ்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். சேர்ந்து ஓட்டக்கூடாது என்றால் முதலில் ஓட்டுவது யார்? அங்கேதான் சண்டை மூண்டது. நான் பேசாமல் ஒரு காலிக் குடத்தைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். குழாயடியில் இப்படித்தானே முறை பிடிக்கிறோம்? அடுத்த நிமிஷம் சந்திலிருந்த குடமெல்லாம் பின்னால் வந்து நின்றன. அத்தை மட்டும் என் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள்.

"சேதி சொன்ன வீட்டுக்குக் கடைசி முறைதாம்."

ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான், நியாயம் அவள் பக்கம் இருந்தது.

எங்கள் முறை வந்தபோது விளக்கேற்றும் நேரம். சந்தே அரைத்து முடித்துவிட்டு ஓய்வாக இருக்க, எங்கள் கிரைண்டர் மட்டும் கூடின ரேட்டில் ஓடியது. "மாவு பொங்கலைன்னா பாத்துக்கிடுங்க" என்றேன். அவர் வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் நான் காணாத அதிசயம் அது.

விடிந்தும் மாவு பொங்கவில்லை. இட்லி தட்டைதட்டையாக வந்தது. அவர் விற்கப்போன மாட்டுங்காவில் ஒரு மாமி, "இது இட்லியா தோசையான்னு சொல்லிட்டுப் போங்கோ" என்றாளாம். பாதி இட்லி அப்படியே திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. இருவரும் உட்கார்ந்து அந்த இட்லியையே தின்றோம்.

அப்போது போனில் மறுபடி கரண்டு ரேட் செய்தி வந்தது. படித்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. கையைக்கூடக் கழுவாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்து ஓடினார்.