லவோன் மறைத்த வேலை

லவோன் ச்சாடன் எங்கள் குழுவில் சேர்ந்த முதல் நாளே ஒரு பொய் சொன்னாள். காலை ஜெபம் முடிந்து காப்பிக் கோப்பையோடு வட்டமாக உட்கார்ந்து, அவரவர் ஊரில் என்ன வேலை பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒயரிங் தெரிந்தவர் யார், பெயின்ட் அடிக்கத் தெரிந்தவர் யார் என்று பிரித்துக்கொள்ளத்தான்.

"ஸ்கூல் ஆபீஸ்ல ஃபைல் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் லவோன். பக்கத்திலிருந்த அவள் கணவர் மெர்ல், குடித்த காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். காப்பி சூடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் பனி கொட்ட ஆரம்பித்ததும் டெக்சாஸின் தென்கோடிக்கு இறங்கிவிடுகிற ஓய்வுபெற்ற கூட்டம் நாங்கள். மெக்சிகோ எல்லை ஆற்றுக்கு நாலு மைல் இந்தப் பக்கம், பாலோ செக்கோ ஊர் ஆலயத்தின் பின்னால், நாங்கள் சமைத்துப் படுத்துத் தங்குகிற வீட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொள்வோம். சபையார் கரண்டும் தண்ணீரும் தருவார்கள். வாரம் நாலு நாள் நாங்கள் கூரை மாற்றுவோம், சுவர் பூசுவோம். சம்பளம் கிடையாது. மத்தியானம், சபையாரில் ஒருத்தியான ஹோர்டென்சியா சமைக்கும் பீன்சும் டோர்ட்டியா ரொட்டியும் உண்டு. அதற்காகவே என் வீட்டுக்காரர் ட்வேன் கோடை முழுக்கக் காத்திருப்பார்.

ஃபைல் பார்த்தவளுக்குக் கைவேலை என்ன தெரியும் என்று லவோனைச் சமையலறைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாளே ஹோர்டென்சியா அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"சிஸ்டர், நீங்க மாவு பிசையறதப் பாத்தா, அந்த மாவு உங்கள ஏதோ திட்டின மாதிரி இருக்கு. போயி சுவரு பூசுங்க."

லவோன் சந்தோஷமாகவே போனாள்.

ஆலயத்துக்கு ஒரு பழைய பஸ் இருந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அப்பால் கார் இல்லாமல் இருக்கும் வயசானவர்களை ஞாயிறு காலையில் பாஸ்டர் எலெயூட்டேரியோ அதில் அழைத்து வருவார். பாஸ்டருக்குப் பிரசங்கம் நன்றாக வரும். கியர் போட வராது. பஸ் வாசலில் திரும்பும்போதெல்லாம் இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம் கேட்கும். லவோன் கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடிப்பாள். பல்வலி என்று நினைத்து நான் ஒரு மாத்திரை கொடுத்தேன். வாங்கி விழுங்கினாளே தவிர, மூச்சு விடவில்லை!

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பக்கத்து ஊர் சபையில் விருந்து. சபையாரும் நாங்களும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். முந்தின நாள் நல்ல மழை. வாய்க்கால் கரையில் போகும்போது எதிரே வந்த டிராக்டருக்கு பாஸ்டர் ஒதுங்கினார். கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கிவிட்டார். பின்சக்கரம் சறுக்கி, பஸ் வலது பக்கம் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நின்றது. ஒரு கிழவர் சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். பஸ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"யாரும் எந்திரிக்கக் கூடாது! உக்காருங்க!"

பின் சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தோம். ஜெபம்கூட நின்றுபோனது. லவோன் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள்.

"பாஸ்டர், நீங்க எந்திரிங்க."

"இப்பதான யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னீங்க?"

"நீங்க மட்டும்."

பாஸ்டர் எழுந்து இடம் கொடுத்தார். லவோன் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பி எங்களைப் பார்த்தாள்.

"குண்டா இருக்கறவங்க எல்லாம் மெதுவா இடது பக்கம் போங்க."

ஒருவரும் அசையவில்லை.

"இந்த பஸ்ல குண்டா யாரும் இல்ல சிஸ்டர்" என்றாள் ஹோர்டென்சியா.

"அப்ப எல்லாருமே போங்க."

போனோம், ஒருவர் மடியில் ஒருவர். அவள் வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் தொட்டில் மாதிரி ஆட்டினாள். நாலாவது ஆட்டத்தில் சக்கரம் கெட்டித் தரையைப் பிடித்தது. பஸ் ஒரு சத்தமும் இல்லாமல் ரோட்டுக்கு ஏறியது. கைதட்டல் ஓய்ந்ததும் ட்வேன் கேட்டார்:

"உங்க ஆபீஸ்ல ஃபைல எல்லாம் பஸ்லதான் வச்சிருந்தாங்களா?"

மெர்ல் இரண்டு கையையும் தூக்கினார். "முப்பத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினா. நான் வாயத் தொறந்தா வண்டிக்கு வெளியதான் படுக்கணும்னு சொல்லிட்டா."

சாயங்காலம் அவளிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். தலை குனிந்து, நகத்தில் ஒட்டியிருந்த சுவர்ப் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பிள்ளையக்கூட நான் எங்கயும் விட்டுட்டு வந்ததில்ல, ஆர்டித். ஆனா கனவுல தினமும் ஒண்ண விட்டுட்டு வருவேன். பனிக்குள்ள நிக்கும். முகம் தெரியாது. ரிட்டயர் ஆயும் அந்தக் கனவு போகல. பஸ் ஓட்டத் தெரியும்னு சொன்னா சாவியக் கைல கொடுத்துருவீங்க."

அவள் சொன்னபடியே மறுநாள் பாஸ்டர் சாவியோடு வந்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல சிஸ்டர். இத இங்க வச்சுட்டுப் போறேன், அவ்வளவுதான்."

லவோன் சாவியைக் கையில் எடுத்தாள். "ஒருத்தர் கத்துக்கற வரைக்கும் ஓட்டறேன். ஆனா அது நீங்க இல்ல."

பாஸ்டருக்கு உயிர் வந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

யார் கற்றுக்கொள்வது என்று சபையில் கேட்டபோது ஹோர்டென்சியாதான் கை தூக்கினாள். வயது எழுபத்து மூன்று, லவோனைவிட இரண்டு கூட. புருஷன் இருந்த காலத்தில் தோட்டத்து டிராக்டரை ஓட்டியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் லவோன் ஓட்ட அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மற்ற நாள் சாயங்காலங்களில் ஆலய மைதானத்தில் பயிற்சி. நாங்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்போம்.

"நீங்க மாவு பிசைஞ்ச மாதிரியா நான் கியர் போடறேன், சிஸ்டர்?"

"அதவிட மோசம். மாவு பாவம், கத்தாது."

லைசென்ஸ் பரீட்சையில் ஹோர்டென்சியா இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை ஒரு கம்பத்தை இடித்தாள். இரண்டாம் தடவை பரீட்சை வைத்தவரோடு சண்டை போட்டாள். மூன்றாம் தடவை, மார்ச் கடைசியில், பாஸாகி வந்தாள். அன்று அவள் சமைக்கவில்லை. மெர்ல் முட்டை பொரித்தார்.

நாங்கள் வடக்கே கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஹோர்டென்சியா தனியாக ஓட்டினாள். லவோன் மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நிறுத்தத்தில், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் கால் நின்றது. ஜன்னலைத் திறந்தாள். ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் பூத்திருந்தது. வாசனை பஸ்ஸுக்குள் நிறைந்தது.

"ஆர்டித், பஸ்ல போனா இப்படி வேடிக்கை பாத்துக்கிட்டே போலாமா? இத்தன வருஷம் யாரும் எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

சொல்லிக்கொண்டே ஒரு கிளையைத் தொடக் கையை வெளியே நீட்டினாள்.

"சிஸ்டர்! கைய உள்ள வைங்க!" என்று முன்னாலிருந்து கத்தினாள் ஹோர்டென்சியா.

லவோன் சட்டென்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.