கோமதி டீச்சரின் இரண்டு நாடி

முடியாது, ஹெட்மாஸ்டர் சார். நேற்று இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கோமதி டீச்சர் அமைதியானவர், முதலுதவி வகுப்பு அவரோடு நிறைவு பெறுகிறது, இனி அந்தப் பீரியட் கணக்குக்கு" என்றீர்களே, மூன்றும் தப்பு. கணக்கு என்னை அஞ்சாம் கிளாஸிலேயே கைவிட்டுவிட்டது. அதற்கு அரைப் பீரியட்கூடத் தர மாட்டேன். நீங்கள் எதிரே இல்லாததால் தைரியமாகப் பேசுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் மாலினி. வங்காளத்தில், பெஹாலாவில் இருக்கும் நம் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது அங்கேயே அறிவியல் டீச்சர். என் பேச்சை அச்சுத் தமிழாக்குவது அவள் பாடு. நான் அங்கே பியூனாக இருந்து ஓய்வு பெற்றவன்; வீடு பள்ளிக்கு எதிர்ச்சாரியில்.

செய்தியைக் கொண்டுவந்தவர் பள்ளி வாசலில் காரப்பொரி விற்கும் ரொபின்தா. "சுடலைதா, திதிமொனி ஆர் நேய்" என்றார். சுடலை அண்ணே, டீச்சரம்மா இனி இல்லை. பொரி குலுக்கும் டப்பா கையிலேயே இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். எதற்கும் கேலி பேசுகிற நான், அந்த டப்பாவை வாங்கிக் கீழே வைத்தேன்.

தொண்ணூறுகளில் டீச்சர் இந்த வகுப்பைத் தொடங்கியபோது பயிற்சிக்குப் பொம்மை வாங்க வழியில்லை. என்னிடம் வந்தார்.

"சுடலை அண்ணே, அரை மணி நேரம் மயங்கி விழுறீங்களா?"

"தினமும் வீட்டுல அதானே டீச்சர் பண்ணுதேன்."

"பேசாம படுங்க. மயங்கினவன் வாயாட மாட்டான்."

படுத்தேன். "மாலினி, நாடியைப் பிடி" என்றார் டீச்சர். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், அவருக்கு நாடி மணிக்கட்டில். மாலினி வீடும் என் வீடும் திருநெல்வேலி. எங்களுக்கு நாடி என்றால் மோவாய். ஒன்பதாம் வகுப்புப் பெண், பச்சைப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல என் மோவாயைப் பிடித்தாள். வங்காளிப் பிள்ளைகளுக்கும் நாடி மணிக்கட்டில்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். "ஏட்டி, கொஞ்சுனது போதும். மிட்டாய் எங்க?"

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கையை எடுக்காதே. அப்படியே மேல தூக்கு. தலை பின்னால சாயட்டும். நாக்கு தொண்டையை அடைச்சிருந்தா வழி விடும். இதான் முதல் நாடி. மணிக்கட்டு ரெண்டாவது."

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மனிதனுக்கு இரண்டு நாடி.

பரீட்சை நேரம் என்று ஒரு வருஷம் எங்கள் வகுப்பு நடக்கும் ஹாலைப் பூட்டச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா சார்? பூட்டியவன் நான்தான். டீச்சர் பூட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மயங்கி விழறவன் ஹால் பார்த்தா விழறான்?" என்று பிள்ளைகளை மாடிப்படிக்கு அழைத்துப் போனார். நான் படியில் கால் மேலே, தலை கீழே கிடந்தேன். நீங்கள் என்னைத் தாண்டித்தான் உங்கள் அறைக்குப் போனீர்கள். அடுத்த வாரமும் தாண்டினீர்கள். மூன்றாவது வாரம் சாவியைக் கொடுத்தீர்கள்.

அந்த வருஷச் சித்திரை வெயிலில்தான் ரொபின்தா தன் கூடைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஊரே கூடிவிட்டது. ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். இன்னொருவர் மூக்கில் காட்டச் செருப்பைக் கழற்றினார். ரொபின்தாவின் தொண்டையில் அடைத்த குழாய்போலக் கரகரவென்று ஒரு சத்தம். மாலினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தண்ணீரைத் தட்டிவிட்டு, மண்டியிட்டு மோவாயைத் தூக்கினாள். சத்தம் நின்றது. மூச்சு சீராக உள்ளே போனது. பிறகு அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

டீச்சர் பின்னால் நின்றார். "நீங்க போங்க டீச்சர், சின்னப் பொண்ணு அது" என்றேன்.

"அவதான் சரியாப் பண்றாளே? நீங்க ஒரு ஆளைக் கைகாட்டி, 'நீ போய் டாக்ஸி கொண்டா'ன்னு சொல்லுங்க. 'யாராவது போங்க'ன்னா ஒருத்தனும் போக மாட்டான்."

குரலில் அதட்டல். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் மட்டும் புடவைத் தலைப்பைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. அதை நான் பார்த்தேன். அமைதியானவராம்!

ஆகவே சார், அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்னவென்றால்...

மாலினி எழுந்துவிட்டாள்.

"என்னட்டி, இன்னும் முடியலையே?"

"சனிக்கிழமை மாமா. கடைசிப் பீரியட். நைன் பி காத்துக்கிட்டு இருக்கும்."

"அது கணக்குன்னுல்லா போட்டிருக்காரு?"

"போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நான் ஹெட்மாஸ்டர்கிட்ட காலைலயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

பேனாவை என் கையில் திணித்தாள். அவள் எழுந்ததிலிருந்து உள்ளது என் கையெழுத்து, பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கலாம் என்றால், அது செருப்பை மாட்டிக்கொண்டு, முதலுதவி வகுப்பு எடுக்க, ரோட்டைக் கடந்து போகிறது.