கயிற்றோடு போன காளை

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் தமுக்கு அடித்தார்கள். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டு, பருத்தியை விட்டுச் சோளமோ நெல்லோ வைத்தால், வெட்டிய செலவில் பாதியைச் சர்க்கார் மானியமாகத் தரும் என்றார்கள். கூமாப்பட்டிப் பக்கம் எங்களுக்கு வானம் பார்த்த காடு ஒன்று இருந்தது. நானும் என் மனைவியும் வெட்டத் தொடங்கினோம். நான் வெட்ட, அவள் மண் சுமந்தாள். பாதியில் பாறை தட்டியது. வேட்டு வைத்து உடைக்கக் கையில் காசு இல்லை.

எங்களிடம் இரண்டு காளைகள், மயிலையும் செவலையும். செவலை அவள் பிறந்த வீட்டில் கொடுத்த கன்று. நல்ல விலைக்குப் போகக்கூடியதும் அதுதான். ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி வண்டி ஓட்டிய, அவளுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். ஆடிக்குள் மானியம் வந்துவிடும், அப்போது அதே விலைக்குத் திருப்பித் தருவது என்று பேச்சு.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் புதுக்கயிறு கட்டி ஓட்டிப் போவார். அவர் புதுக்கயிற்றை எடுத்ததும் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பழைய கயிறே கிடக்கட்டும் சித்தப்பா. நாங்க விக்கல. உங்க தொழுவுல கட்டிப் போட்டிருக்கோம், அம்புட்டுதான்."

"அப்போ தீவனத்தையும் நீயே சுமந்துட்டு வா" என்று சிரித்தார். கயிற்றோடுதான் ஓட்டிப் போனார்.

வேட்டு வைத்தோம். பாறை இடுக்கில் தண்ணீர் வந்தது. பார்வையிட வந்த ஓவர்சியர் கமலை இறைத்துக் காட்டச் சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரரின் காளையை மயிலையோடு பூட்டி இறைத்தேன். எழுதிக்கொண்டு போனார்.

ஆடி போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. தூணோரம் நிற்பேன். யாராவது பார்த்து, "இன்னும் உத்தரவு வரலப்பா" என்றால் திரும்பிவிடுவேன்.

தை கழிந்துதான் பணம் வந்தது. மறுநாள் ராஜபாளையம் போனேன். தொழுவில் வேறு மாடு நின்றது.

"ஆடின்னிய மாப்ளே, தையும் போச்சு. சர்க்கார் பணம் எங்க வரப்போவுதுன்னு நினைச்சிட்டேன். பருத்திக்கொட்டை விக்கிற விலைக்கு நான் எம்புட்டு நாள் தீனி போட? பட்டாளத்துக்கு மாடு பிடிக்கிறவன் வந்தான். ரயில்ல ஏத்திட்டான்."

"வண்டி இழுக்கவா மாமா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "கறிக்கு" என்றார்.

பிறகு கூரை எரவாணத்தில் செருகியிருந்த கயிற்றை எடுத்து நீட்டினார். "கயித்த மட்டும் அவன்கிட்ட குடுக்கல. பிள்ள சொன்னத நான் மறக்கல."

கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தேன். பணம் மடியில் அப்படியே இருந்தது.

வீட்டு வாசலில் அவள் கல்தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தாள். மயிலை மட்டும் குடிக்க அவ்வளவு வேண்டாம். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கயிற்றை வாங்கி, செத்த நேரம் முறுக்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தும்போது தண்ணி காட்டினாவளா?" என்று கேட்டாள்.

நான் அதைக் கேட்டு வரவில்லை.

"காட்டினாவ" என்றேன்.